வாங்கிக்கொண்டவர் சொல்லட்டும்

எங்கள் கம்பெனிக்கு யார் ஃபோன் செய்தாலும் இரண்டாவது மணி ஓய்வதற்குள் "ஹலோ, சொல்லுங்க" என்று ஒரு குரல் வரும். அந்தச் "சொல்லுங்க"வில் பாதிச் சிரிப்பு ஏற்கெனவே கலந்திருக்கும். கூப்பிட்டவர் பேர் சொல்ல வேண்டியதில்லை. மூச்சு வாங்குகிற விதத்தை வைத்தே, "என்னண்ணே, மாடிப்படி ஏறிக்கிட்டே பேசறீங்களா? நின்னு பேசுங்க. விழுந்து வெச்சா அதுக்கும் நான்தான் ஆள் தேடணும்" என்பார். ஒன்பது வருஷம், ஒரே நாற்காலி, ஒரே ஃபோன். வலது காதில் ரிசீவர், இடது கையில் பேனா. இடக்கைப் பழக்கம் இந்த வேலைக்கென்றே அவருக்கு அமைந்த மாதிரி இருக்கும். எல்லோருக்கும் அவர் ஹலோ அக்கா. சம்பளப் பட்டியலில் வேறு பேர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், பக்கத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

காலி அறைகளைக் கடையாகவோ கிளினிக்காகவோ ஆபீஸாகவோ மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். தரை, தடுப்பு, ஒயரிங், அலமாரி, பெயிண்ட், கண்ணாடிக் கதவு எல்லாமே எங்கள் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள். ஒருவர் கை எடுத்தால்தான் அடுத்தவர் கை வைக்க முடியும்.

இந்த ஆட்களையெல்லாம் ஒருங்கிணைக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்று ஒரு பாடம், அதில் நல்ல மார்க். வந்த வேகத்தில் கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை போட்டேன். நாற்பத்து மூன்று கட்டங்கள். எந்த வேலை எத்தனை சதவீதம் என்பதற்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு. ஃபோனில் அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினேன். "நல்லா கலர் கலரா இருக்குப்பா" என்றார் அப்பா. அந்த அட்டவணையால் விளைந்த ஒரே நன்மை அதுதான் என்று தெரிய எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று.

ஏனென்றால் யாரிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "முடிஞ்ச மாதிரிதான் தம்பி. தொண்ணூறு போட்டுக்கோ." கார்பெண்டர் தொண்ணூறு, பெயிண்டர் தொண்ணூறு, டைல்ஸ்காரர் தொண்ணூறு. மூன்று இடத்தில் வேலை நடந்தது. மூன்றும் தொண்ணூறு சதவீதத்தில் பச்சைப் பசேலென்று நின்றன. ஒன்றுகூடத் திறந்தபாடில்லை.

இதற்கு முதலாளி கண்டுபிடித்த மருந்து, தானாகப் பதில் சொல்லும் ஃபோன் மெஷின். வாடிக்கையாளர்கள் கூப்பிடுகிறார்கள், லைன் கிடைப்பதில்லை, கோபப்படுகிறார்கள். ஆகவே ஃபோன்தான் கோளாறு என்பது அவர் கணக்கு. நல்ல மனுஷர். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எதிரில் இருப்பவர் முகம் தெரியாமல் இருக்கட்டும் என்றோ என்னவோ. அன்றைக்கும் துடைத்தார்.

"அடுத்த மாசக் கடைசியிலேருந்து மெஷினே பேசும்மா. ஒன்னை அமுக்கினா மர வேலை. ரெண்டை அமுக்கினா கரண்ட்டு. மூணு பெயிண்ட்டு."

"நல்லதுதான் முதலாளி. நான் எந்த நம்பர்ல இருக்கேன்?"

முதலாளி இன்னும் கொஞ்சம் துடைத்தார். "வேற எடத்துல நானே சொல்லி வெக்கறேன்மா. நல்ல குரல் உனக்கு. எங்க போனாலும் எடுத்துக்குவாங்க."

அக்கா சிரித்துக்கொண்டே வெளியில் வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்ததும்தான் பேனாவின் மூடியைத் திறந்து, மூடி, திறந்து, மூடி, அப்படியே இருந்தார். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றுபோனவர். இருபத்திரண்டு வயதில் இங்கே வந்தார். "வீட்டுல நான் பேசினா 'சும்மா இரு'ன்னுவாங்க தம்பி. இங்கதான் முதல் தடவையா நான் பேசறதுக்கு ஆளுங்க காத்துக்கிட்டு இருந்தாங்க" என்று ஒரு தரம் சொல்லியிருக்கிறார். முப்பத்தொன்றில், அந்தக் குரல் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்காவிடம் ஒரு நோட்டு உண்டு. யார் கூப்பிட்டது, என்ன கேட்டது, யாருக்குச் சொன்னது என்று ஒவ்வொரு அழைப்பையும் ஒரு வரியில் எழுதிவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டை நகர்த்திவிட்டு, கணவரை எதிரில் உட்காரவைத்து, ஒரு வாரத்து வரிகளை எண்ணினாராம். கணவர் பாட்டில் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர். நானூற்றுப் பன்னிரண்டு அழைப்பு. அதில் முந்நூற்று முப்பத்தொன்றில் ஒரே கேள்வி: 'அது வந்துடுச்சா?' எது என்பதுதான் மாறும். பலகை வந்துடுச்சா, ஒயர் வந்துடுச்சா, ஆள் வந்துட்டாரா.

"உங்க ஆபீஸ்ல அத்தனை பேருக்கும் ஒரே கேள்விதானா?" என்றார் கணவர். "எங்க லைன்ல இப்படின்னா கிழிச்சிடுவாங்க."

"அங்க மட்டும் என்ன வாழுதாம்?"

"அங்க முடிச்சவன் வாயே தொறக்க மாட்டான். அடுத்த மெஷின்ல வாங்கறவன் இருக்கான் பாரு, அவன்தான் கத்துவான். பாட்டில் கைக்கு வரலன்னா வரல. நீ நூறு செஞ்சேன்னு சொன்னா அவனுக்கு என்ன, ஆயிரம் செஞ்சேன்னு சொன்னா அவனுக்கு என்ன?"

அக்கா தட்டைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாராம். கணவரே கழுவினாராம். இதை எனக்குச் சொன்னது அக்காவின் கொழுந்தன், அதாவது எங்கள் எலக்ட்ரீஷியன். அண்ணி வாங்கிக்கொடுத்த வேலையில் அண்ணியையே கிண்டல் செய்து காலம் தள்ளுகிறவர்.

திங்கட்கிழமை அக்கா முதலாளி முன்னால் நோட்டோடு போய் நின்றார். "மெஷின் நல்லாவே பதில் சொல்லும் முதலாளி. எனக்கு ஒரு எடம் குடுங்க. அங்கேருந்து கேள்வியே வராம பண்ண முடியுதான்னு பாக்கறேன்."

"கேள்வியே வரலைன்னா உனக்கு என்னம்மா வேலை?"

"அதை அப்ப பாத்துக்கலாம்."

நானாக இருந்தால் இந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டேன். முதலாளிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கையில் புதிதாக வந்திருந்த பல் கிளினிக்கைக் கொடுத்தார். இருபத்தெட்டு நாள். இருபத்தொன்பதாம் நாள் காலையில் பல் டாக்டரம்மா முதல் நோயாளிக்கு நேரம் கொடுத்தாகிவிட்டது, நகர்த்த முடியாது. நாள் தவறினால் அக்கா போக வேண்டியதுதான். தவறாவிட்டால் என்ன என்று முதலாளி சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் அவர் கிளினிக்குக்குப் போகலாம். அந்த நேரத்தில் ஃபோனுக்கு நான். முதல் நாளே என் "ஹலோ"வைக் கேட்டு நாலு பேர் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்கள்.

ஆறாம் நாள்தான் விஷயம் புரிந்தது. என் அட்டவணையில் கிளினிக்கின் தடுப்புச் சுவர் தொண்ணூறு, தரை தொண்ணூறு, தரைக்கடி ஒயர் தொண்ணூறு. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி. எவ்வளவு முடிந்தது என்று கேட்கவே இல்லை.

"கார்பெண்டர் அண்ணே, இப்ப நீங்க யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?"

"டைல்ஸ்காரனுக்குத்தாம்மா. தரை போட்டாத்தானே தடுப்பை நிறுத்த முடியும்?"

டைல்ஸ்காரரைக் கூப்பிட்டார். "நானா? எலக்ட்ரீஷியனுக்காக. பல் நாற்காலிக்குத் தரைக்குள்ள பைப் போகுதுல்ல? அதைப் புதைக்காம நான் மூட முடியாதுக்கா."

கொழுந்தனைக் கூப்பிட்டார். "அண்ணி, தடுப்பு எங்க வருதுன்னு தெரியாம பைப்பை எங்க ஏத்தறது? கார்பெண்டர் அண்ணன் கோடு போடட்டும்னு இருக்கேன்."

அக்கா நோட்டில் மூன்று பேருக்கும் அம்புக்குறி போட்டார், அது வட்டமாகச் சுற்றி வந்தது. பிறகு மிக மெதுவாக, "தம்பி, நீ இப்ப எங்க இருக்க?" என்றார்.

"கிளினிக்லதான். டீ குடிச்சிட்டு இருக்கேன்."

"கூட யாரு?"

"கார்பெண்டர் அண்ணன். டைல்ஸ்காரர்."

மூன்று பேரும் ஒரே அறையில், மூன்று பெயிண்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு, முட்டி முட்டியில் இடிக்க உட்கார்ந்து, ஒருவருக்காக ஒருவர் மரியாதையாகக் காத்திருந்தார்கள். நாலு நாளாக. காலையில் அக்கா போகிற நேரம் மட்டும் ஆளுக்கொரு மூலையில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பார்களாம். அக்கா ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் முதலாளி அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா மறுபடி ரிசீவரை எடுத்தார். "ஸ்பீக்கர்ல போடு. அண்ணே, உங்க பாக்கெட்ல சாக்பீஸ் இருக்கா? எந்திரிச்சுத் தரையில ஒரு கோடு போடுங்க. போட்டாச்சா? தம்பி, கோடு உன் கைக்கு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு அண்ணி. வாங்கிட்டேன்."

"அவ்வளவுதான். டீயைக் குடிச்சு முடிங்க."

மறுநாள் அக்காவும் நானும் சேர்ந்தே கிளினிக்குக்குப் போனோம். அன்று ஃபோன் பக்கம் முதலாளியே உட்கார்ந்தார். அலமாரி வந்த பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்துப் பிரித்துச் சுவரில் ஆணி அடித்தார் அக்கா. மூன்றே கட்டம்: யார் கையில் இருக்கிறது, அடுத்து யார் கைக்குப் போக வேண்டும், வாங்கிக்கொண்டாரா. மூன்றாவது கட்டத்தில் வேலையை முடித்தவர் எழுதக் கூடாது. அடுத்து அதன்மேல் வேலை செய்யப் போகிறவர் வந்து பார்த்து, தொட்டு, சரிதான் என்று பட்டால், 'வாங்கிட்டேன்' என்று தன் கையால் எழுத வேண்டும். காலையில் எல்லோரும் பத்து நிமிஷம் நின்றபடி பேச வேண்டும். உட்காரக் கூடாது. பெயிண்ட் வாளிகளை அவரே காலால் தள்ளி ஓரமாக ஒதுக்கினார்.

கார்பெண்டர் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் முடிச்சேன்னு சொல்ல எனக்கு இன்னொருத்தன் சாட்சியா? இருபத்தஞ்சு வருஷமா மரத்தை இழைக்கிறேன்."

"சாட்சி இல்லண்ணே. வாங்கிக்கிறவரு. வீட்டுல பரிமாறினவங்க சொன்னா உங்க வயிறு நிறைஞ்சிடுமா? சாப்பிட்ட நீங்கதானே போதும்னு சொல்லணும்?"

"இவ பேச்சுல மட்டும் வயிறு நிறையும்" என்று முணுமுணுத்தார். ஆனால் இரண்டே நாளில் ஆள் மாறிவிட்டார். காரணம், அவரும் வாங்கிக்கொள்ளும் இடத்தில் நிற்க நேர்ந்தது. டைல்ஸ்காரர் முடித்த தரையில் மட்டப்பலகையை வைத்துக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, நீண்ட நேரம் பார்த்துவிட்டு, அவர் சொன்னாரே, "வாங்க மாட்டேன்!" அதில் எத்தனை ஆனந்தம்! இருபத்தைந்து வருஷமாகக் கோணல் தரையில் நேர் அலமாரி நிறுத்தச் சொல்லி அவரைப் படுத்தியிருக்கிறார்கள். இப்போதுதான் முதன்முதலாக யாரோ அவரிடம் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார்கள். டைல்ஸ்காரர் அந்த மூலையைப் பெயர்த்து மறுபடி போட்டார். அதன்பிறகு அண்ணன் எழுதிய 'வாங்கிட்டேன்' அட்டையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே, கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதறீங்க. மத்தவங்களுக்கும் கொஞ்சம் எடம் விடுங்க" என்றார் கொழுந்தன்.

அழைப்புகள் குறைந்தன. முதல் வாரம் கிளினிக்கிலிருந்து எழுபது, இரண்டாம் வாரம் நாற்பது. நான் என் நாற்பத்து மூன்று கட்டங்களைக் கிளினிக்குக்கு மட்டும் மூன்றாகக் குறைத்தேன். கொஞ்சம் வலித்தது. பட்டம் வாங்கியவன் அல்லவா.

வாங்கிக்கொள்ள நேரத்துக்கு வராதவர் ஒருவர்தான், கண்ணாடிக்காரர். அவருக்கு ஊரெல்லாம் வேலை. எப்போது தோன்றுவார், எப்போது மறைவார் என்று சொல்ல முடியாததால் வால்நட்சத்திரம் என்று பேர். பதினாலாம் நாள் வந்து, வாசல் கதவுக்கு அளவெடுத்துக்கொண்டு மறைந்தார். அதற்கு இரண்டு நாள் கழித்துப் பல் டாக்டரம்மா ஒரு மாற்றம் கேட்டார். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குத் தடுக்கக் கூடாது, உள்ளே போட்டிருக்கும் டைல்ஸை வாசல் வரைக்கும் ஒரே சீராகக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார். நியாயமான ஆசை. டைல்ஸ்காரர் ஒரே நாளில் போட்டுவிட்டார். இனி கண்ணாடிக்காரர் வந்து வாசல் தரையைப் பார்த்து 'வாங்கிட்டேன்' எழுத வேண்டும்.

வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள். அட்டை முழுக்க நிறைந்திருக்க, அந்த ஒரு கட்டம் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி காலியாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் முதலாளி பார்வையிட வருவதாக இருந்தது. அக்கா கண்ணாடிக்காரருக்கு ஃபோன் போட்டார். "எல்லாம் அளந்தாச்சுக்கா, கவலையே படாதீங்க" என்றது வால்நட்சத்திரம். அக்கா பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் தானே 'வாங்கிட்டேன்' என்று எழுதிவிட்டார். முதலாளி வந்தார், அட்டையைப் பார்த்தார், "பரவாயில்லையே" என்றார்.

இருபத்தைந்தாம் நாள் காலை கண்ணாடிக் கதவு வந்து இறங்கியது. நாலு பேர் தூக்கி வாசலில் நிறுத்தினார்கள். உயரம் பன்னிரண்டு மில்லிமீட்டர் அதிகம். டைல்ஸும் அதன் கீழ்ப் பூச்சும் சேர்ந்து தரையை உயர்த்திய அதே பன்னிரண்டு. மரமாக இருந்தால் இழைத்துவிடலாம். இது உலையில் வைத்துக் கெட்டிப்படுத்திய கண்ணாடி. ஓரத்தில் கை வைத்தால் மொத்தமும் கற்கண்டாகக் கொட்டிவிடும். புதிதாகச் செய்ய ஆறு நாள். கையில் இருப்பதோ மூன்றரை.

"நான் அளந்தப்ப இந்தத் தரையே இல்லையே" என்றார் கண்ணாடிக்காரர். அது உண்மை. எல்லோரும் அட்டையைப் பார்த்தார்கள். வாசல் தரை: வாங்கிட்டேன். அந்த எழுத்து இடது பக்கம் சாய்ந்திருந்தது. யார் கையெழுத்து என்று யாரும் கேட்கவில்லை.

அன்று முதலாளியும் அங்கே நின்றிருந்தார். அக்கா வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். கண்ணாடிக்காரர் ஃபோனில் சொன்னது அவர் நோட்டில் தேதியோடு இருந்தது. நோட்டை அவர் திறக்கவே இல்லை. நேராக அட்டைக்குப் போனார், எழுதியதைக் குறுக்கே அடித்தார், பக்கத்தில் எழுதினார்: 'இது நான் எழுதினது. அவர் வாங்கலை.'

"அட்டை அழகா இருக்கணும்னு எழுதிட்டேன் முதலாளி. தப்பு என்னோடது. இவங்க யாரையும் ஒன்னும் சொல்லாதீங்க."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் துடைத்து முடிப்பதற்குள் கார்பெண்டர் அண்ணன் ஏணியை இழுத்துப் போட்டு வாசல் மேல்சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"கண்ணாடியைக் குறைக்க முடியாது. மேல்சட்டத்தை ஏத்தலாம்ல? பதினஞ்சு மில்லி இடம் இருக்கு. ஆனா உள்ள லைட் ஒயர் ஓடுது."

"அரை மணி நேரத்துல உருவிடறேன்" என்றார் கொழுந்தன். "நீங்க சட்டத்தை ஏத்தினதும் திரும்பக் கோத்துடுவேன்."

"அப்புறம் நான் பூசணும். காய ஒரு நாள் வேணும்" என்றார் பெயிண்டர்.

"புது அளவு எடுக்காம நான் இங்கேருந்து நகரல" என்றது வால்நட்சத்திரம். அவர் ஓர் இடத்தில் நிற்பதை அன்றுதான் பார்த்தோம்.

"நீங்க ஆபீசுக்குப் போங்க அண்ணி. அங்க ஃபோன் அடிச்சிட்டு இருக்கும்."

போனோம். மற்ற மூன்று இடத்திலிருந்தும் ஃபோன் அடித்துக்கொண்டுதான் இருந்தது. கிளினிக்கிலிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பார்த்து, மூடினார். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து லைன் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. மூன்று மணிக்குக் கொழுந்தனைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. கார்பெண்டரும் எடுக்கவில்லை.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா தம்பி? என் தப்புக்கு அவங்க ஏன் மாடு மாதிரி உழைக்கணும்னு நினைச்சிருந்தா? நினைச்சாலும் தப்பில்லையே."

என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஹலோ அக்கா பேசாமல் வந்தது எனக்கு அதுவே முதல் தடவை.

வாசலில் ஏணி. ஏணியில் கார்பெண்டர் அண்ணன், வாயில் இரண்டு திருகாணி. கீழே கொழுந்தன். ஃபோன்களெல்லாம் தூசி படாமல் ஒரு பையில் கட்டி ஆணியில் தொங்கின. நாங்கள் வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அண்ணன் திருகாணியைத் துப்பிவிட்டு, "சட்டம் ஏறிடுச்சுடா. பாரு" என்றார்.

கொழுந்தன் ஏறிப் பார்த்தார், ஒயரை விட்டுப் பார்த்தார். "இடிக்குதுண்ணே. இந்த முனையில ஒரு இழைப்பு இழைங்க. இப்படி வாங்க மாட்டேன்."

"படிச்சுப் படிச்சுச் சொல்லிக் குடுத்துட்டா உங்க அண்ணி" என்று அண்ணன் ஒரு இழைப்பு இழைத்தார். மரச்சீவல் சுருண்டு கொழுந்தன் தலையில் விழுந்தது.

"இப்ப சரி. வாங்கிட்டேன்!"

உள்ளேயிருந்து பெயிண்டர், "அடுத்தது நான், அடுத்தது நான்" என்று தூரிகையோடு வந்தார். கண்ணாடிக்காரர் வாசல் தரையில் மண்டியிட்டு அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். அட்டையில் அக்கா அடித்திருந்த வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி, வலது பக்கம் சாய்ந்த எழுத்தில்: 'வாசல் தரை. நானே வாங்கிட்டேன்.'

அக்கா கவிழ்த்த வாளி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அண்ணி, இங்க உக்காரக் கூடாது. சட்டம் போட்டது நீங்கதான்" என்றார் கொழுந்தன், திரும்பிப் பார்க்காமலேயே.

இருபத்தெட்டாம் நாள் மாலை நாலு மணிக்குப் பல் டாக்டரம்மா வந்தார். கதவைத் தள்ளினார், ஒரு விரலுக்குத் திறந்தது. நாற்காலியை ஏற்றி இறக்கினார், விளக்கைப் போட்டு அணைத்தார், குழாயைத் திறந்து மூடினார். அட்டைக்கு முன் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தார், அடித்த வரி உள்பட. கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. பேனாவை வாங்கி அவரே எழுதினார். மருந்துச் சீட்டு எழுத்து, ஆனாலும் 'வாங்கிட்டேன்' என்று எல்லோராலும் படிக்க முடிந்தது.

மறுநாள் முதலாளி அறையில் அக்காவும் நானும். முதலாளி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "கடைசி வாரம் கிளினிக்லேருந்து பதினொரு கால்தான் வந்திருக்கு. சொன்ன மாதிரியே செஞ்சிட்டம்மா. ஆனா நான் அன்னைக்குக் கேட்டதுதான் இப்பவும். ஃபோனுக்கு ஆள் வேண்டாம்போல இருக்கே?"

"வேண்டாம் முதலாளி. நானும் அதையேதான் சொல்றேன்." அக்கா எட்டி நோட்டில் இரண்டு தாள் புரட்டிக் காட்டினார். "இது மத்த மூணு எடத்துலேருந்து அதே வாரத்துல வந்தது. முந்நூத்தி நாப்பது. மெஷின் வெச்சா முந்நூத்தி நாப்பது பேருக்கும் இனிமையா பதில் சொல்லும். இல்லன்னா என்னை அங்க அனுப்புங்க."

முதலாளியின் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது. பாதி வழியில் நின்று திரும்பியது. "நான்கூட அன்னைக்கு அந்த அட்டையைப் பார்த்துப் பரவாயில்லைன்னு சொன்னேன். கதவை அளக்கணும்னு எனக்கும் தோணல" என்றார். பிறகு, "மூணு எடம். புதுசா ஒன்னு வருது, நாலு. தினம் காலையில நாலுக்கும் எப்படிம்மா போவ?"

"பஸ்லதான்."

"பஸ்ல போனா காலைக் கூட்டத்துக்குச் சாயங்காலம்தான் போய்ச் சேருவ. கம்பெனி ஸ்கூட்டர் சும்மா நிக்குது, எடுத்துக்க. ஓட்டத் தெரியும்ல?"

"தெரியும் முதலாளி" என்றார் அக்கா. பச்சைப் பொய். மேஜைக்கு அடியில் என் காலை மிதித்ததில் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை மதியம் கம்பெனிப் பட்டறை முற்றத்தில் ஸ்கூட்டர் பாடம். கார்பெண்டர் அண்ணன் ஸ்கூட்டரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கவாட்டில். கொழுந்தன் நடுவில் நின்று வகுப்பு எடுத்தார்.

"அண்ணி, கையில இருக்கறது பிரேக்கு, ரிசீவர் இல்ல. காதுல வெக்காதீங்க."

"வாயை மூடு. உங்க அண்ணன்கிட்டச் சொல்லி உனக்குச் சோறு போடாம நிறுத்திடுவேன்."

முதல் சுற்றில் சுவரை நோக்கிப் போனார். இரண்டாம் சுற்றில் காலிப் பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்த மூலைக்குள் நுழைந்து, கடகடவென்று அத்தனையையும் உருட்டிவிட்டு மறுபக்கம் வந்தார். நிறுத்தவே இல்லை. மூன்றாம் சுற்றில் அண்ணன் பிடியை விட்டது அவருக்குத் தெரியாது. முற்றத்தை ஒரு முழு வட்டம் அடித்தார். திரும்பிப் பார்த்து, அண்ணன் தூரத்தில் கைகட்டி நிற்பதைக் கண்டதும், "ஐயோ, யாருமே பிடிக்கலியா!" என்று கத்திக்கொண்டே, சிரித்துக்கொண்டே, திறந்திருந்த கேட் வழியாகத் தெருவுக்குள் போய்விட்டார்.

"அண்ணி! இண்டிகேட்டர்! இண்டிகேட்டர் போடுங்க!" என்று பின்னாலேயே ஓடினார் கொழுந்தன்.